புள்ளி விழும் ஓசை

என் அப்பா பதிவு செய்த கேசட்டுகள் எல்லாவற்றிலும் நிகழ்ச்சி முடிந்த பிறகு ஐந்து நிமிடம் கூடுதலாக இருக்கும். சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் அவருக்கு இரவு வேலை. தமிழ் நாடகம் ஒளிபரப்பாகும் நேரத்தில் அவர் ஏதாவது ஒரு கப்பலின் வயிற்றுக்குள் இருப்பார். ஆகையால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் வீடியோ ரெக்கார்டரில் டைமர் வைத்துவிட்டுப் போவார். நாடகம் பத்தரைக்கு முடியும் என்று செய்தித்தாளில் போட்டிருந்தால் பத்து முப்பத்தைந்து என்று வைப்பார். கடைசிக் காட்சி போய்விட்டால் மொத்த நாடகமும் போனதற்குச் சமம் என்பது அவர் கணக்கு.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் நான் இங்கே எழுதவந்த ஆறு நொடி இருக்கிறது.

நடிகர்கள் பெயரும் ஒளிப்பதிவாளர் பெயரும் ஓடி முடியும். விளம்பரம் தொடங்குவதற்குள் திரை கருநீலமாகும். நடுவில் ஒரு குத்துவிளக்கு. விளக்கின் தண்டு மெல்லச் சுற்றத் தொடங்கும். ஐந்து முகங்களிலும் சுடர் எரியும். இடப்பக்கத்திலிருந்து தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் தமிழ் எழுத்துகளில் நகர்ந்து வந்து விளக்கின் கீழே நிற்கும். ஆனால் பெயரில் புள்ளிகள் இருக்காது. மூன்று மெய்யெழுத்துகளும் தலை வெறுமையாக நிற்கும். ஒரு கணம் கழித்து மேலிருந்து மூன்று புள்ளிகள் ஒவ்வொன்றாக விழும். ஒவ்வொரு புள்ளி எழுத்தின் மேல் உட்காரும்போதும் ‘டிங்’ என்று ஓர் ஓசை. மூன்று ஓசையும் மூன்று சுதி. மூன்றாவது ஓசை அடங்குவதற்குள் திரை இருண்டுவிடும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மூன்றாவது புள்ளி விழுந்ததும் அம்மா தொலைக்காட்சியை அணைத்துவிடுவார். “புள்ளி விழுந்துவிட்டது, போய்ப் படு” என்பார். வீட்டில் அது ஒரு வழக்காகவே நிலைத்துவிட்டது. இன்றும் சோற்றுப் பானையின் பொத்தான் தட்டி அணைந்தால் அம்மா சொல்வது அதைத்தான். புள்ளி விழுந்துவிட்டது, வந்து சாப்பிடு.

அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அதை நடத்தியவர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதினாலும் பெரும்பாலானவர்களுக்கு நினைவிருக்காது. மொத்தமே ஒரு சில நிகழ்ச்சிகள், அவ்வளவுதான். சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது 1963இல். வண்ணம் வந்தது 1974இல். அந்த ஆண்டின் உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தை மக்கள் வண்ணத்தில் பார்த்தார்கள். தமிழ் நிகழ்ச்சிகள் நெடுங்காலம் எட்டாம் ஒளிவழியில் சீன நிகழ்ச்சிகளுக்கிடையே கிடைத்த நேரத்தில் வந்தன. பிறகு பன்னிரண்டாம் ஒளிவழிக்குப் போயின. 2000ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று வசந்தம் சென்ட்ரல் பிறந்தது. அதுவும் சிறுவர் நிகழ்ச்சிகளோடும் கலை நிகழ்ச்சிகளோடும் ஒரே ஒளிவழியைப் பங்கிட்டுக்கொண்டதுதான். வசந்தம் தனி ஒளிவழியானது 2008 அக்டோபர் 19 அன்று. நான் சொல்லும் விளக்கு எரிந்தது இந்த இரண்டு நாள்களுக்கும் நடுவே, 2001ஐ ஒட்டிய சிறிது காலம்.

திரையில் வரும் இந்த மாதிரி முத்திரைகள் மேல் எனக்குச் சிறு வயதிலிருந்தே பித்து. தமிழர்களுக்கு இது புதிதல்ல. ஜெமினியின் இரட்டைச் சிறுவர்கள் ஊதுகொம்பை எடுத்தால் கொட்டகையில் பேச்சு அடங்கிவிடும் என்று பாட்டி சொல்வார். தூர்தர்ஷனின் முத்திரையை எண்ணிப் பாருங்கள். தேவாஷிஷ் பட்டாச்சார்யா என்ற அகமதாபாத் வடிவமைப்புக் கழக மாணவர் வரைந்த இரண்டு வளைவுகள், நடுவில் ஒரு வட்டம். அவை சுழன்று சுழன்று ஒரு கண்ணாகக் கூடும். பண்டிட் ரவிசங்கரும் ஷெனாய்க் கலைஞர் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து உருவாக்கிய இசை அதற்கு. 1976 ஏப்ரல் 1இல் முதலில் ஒளிபரப்பான அந்தச் சில நொடிகளை எங்கே கேட்டாலும் ஒரு தலைமுறைக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது.

அமெரிக்காவில் 1965இல் ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனம் ஓர் ‘எஸ்’ எழுத்தைக் கொண்டுவந்தது. எரிக் சிடே அமைத்த மின்னிசையோடு அது திரையில் கூடும். அதைக் கேட்டுப் பயந்து சோபாவுக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் அந்தப் பயத்தை மறக்கவில்லை. அதைப் பற்றி 2010இல் ஒரு குறும்படமே வந்தது. எனக்கு அது வியப்பாக இல்லை. தூக்கம் கண்ணைச் சொக்கும் நேரத்தில், கதை முடிந்து மனம் அவிழ்ந்து கிடக்கும்போது, பேரும் ஊரும் தெரியாத ஒரு வடிவம் நேராக நம்மைப் பார்த்து நகர்கிறது. வேறு எந்தப் படமும் குழந்தையிடம் அவ்வளவு ஆயத்தமில்லாத நேரத்தில் வந்து சேர்வதில்லை.

அந்தக் காலத்தில் எழுத்தைப் பறக்க வைப்பது சாதாரண வேலையா? அமெரிக்கத் தொலைக்காட்சியில் எழுபதுகளில் கண்ணைப் பறித்த முத்திரைகள் பலவும் ஸ்கானிமேட் என்ற இயந்திரத்தில் பிறந்தவை. லீ ஹாரிசன் உருவாக்கியது. எண்களால் கணக்குப் போடும் கணினி அல்ல அது; மின்னழுத்தத்தாலேயே கணக்குப் போடுவது. எழுத்தை ஒரு குழாய்த் திரையில் காட்டி, திரையின் மின்கற்றையையே வளைத்து முறுக்கி, அதை இன்னொரு கேமராவால் மறுபடியும் படமெடுத்தார்கள். குமிழ்களைத் திருகித் திருகி அங்கேயே, அப்போதே அசைவு பிறக்கும். இரண்டு முறை ஒரே மாதிரி வராது. பிரிட்டனின் நான்காம் ஒளிவழி 1982இல் தொடங்கியபோது, வண்ணக் கட்டைகள் பறந்து வந்து ‘4’ என்று கூடும் முத்திரையைக் கணினியில் செய்ய லாஸ் ஏஞ்சலிஸ்வரை போனார்கள். நாடறிந்த ஒளிவழிக்கே அந்தப் பாடு. இதையெல்லாம் படித்த பிறகு என் குத்துவிளக்கின் மேல் எனக்கு மதிப்பு பல மடங்கு கூடிவிட்டது. சிராங்கூன் சாலையின் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒருவர் எதை வைத்துக்கொண்டு அதைச் சுற்ற வைத்தார்?

அப்பா காலமான மறு ஆண்டு அவருடைய நாற்பத்தொரு கேசட்டையும் கணினிக் கோப்புகளாக மாற்ற ஒரு கடையில் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு சிறு பெட்டியில் எல்லாம் வந்தது. வீட்டுக்கு வந்து ஆவலோடு திறந்தேன். ஒவ்வொரு கோப்பும் நாடகத்தின் கடைசிக் காட்சியோடு சுத்தமாக முடிந்தது. பெயர்கள் ஓடவில்லை. விளக்கும் இல்லை. கடையில் கேட்டேன். நிகழ்ச்சி முடிந்த பிறகு வரும் வீண்பகுதியை வெட்டுவது வழக்கம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்றார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அப்பா நாற்பத்தொரு முறை டைமரில் கூட்டி வைத்த ஐந்து நிமிடத்தை அல்லவா வெட்டியிருந்தார்கள்?

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 2015இல் சிங்கப்பூரின் பொன்விழாவை ஒட்டி, இங்கே வெளிவந்த ஐம்பது ஆண்டுத் தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்க்கும் பெரும்பணி நடந்தது. அதில் நூல்களைப் பக்கம் பக்கமாக எடுத்தபோது, அச்சகத்தின் பெயரும் விலையும் இருக்கும் பக்கத்தை யாரும் கிழித்துப் போடவில்லை. நூலை யார் செய்தார்கள் என்று சொல்வது அந்தப் பக்கம்தான். தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அந்தப் பக்கம் கடைசி ஆறு நொடி. இன்று இணையத்தில் பார்த்தாலும் கதை முடிந்த மறுகணம் அடுத்த பகுதி தானாகப் பாய்ந்து வருகிறது. செய்தவர்களின் பெயர் மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இதைப் பழக்கமாக்கிக்கொண்டது பெரிய பிழை என்றே நினைக்கிறேன்.

கேசட்டுகளைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள், அந்த மட்டும் நல்லது. பழைய இயந்திரம் ஒன்றைத் தேடத் தொடங்கினேன். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு வீடியோ ரெக்கார்டர் செய்வதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு புதிதாக ஒன்று வாங்க வழியில்லை. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை இருந்திருந்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கிடைத்திருக்கும். அதுவும் 2017 ஜூலை 10இல் மூடப்பட்டது. கடைசியில் ஈசூனில் ஒரு சீன முதியவரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில், மேசைவிரிப்புக்கு அடியில் பூச்சாடி தாங்கிக்கொண்டிருந்த இயந்திரம் எனக்குக் கிடைத்தது. பூச்சாடியை அவர் மெதுவாக எடுத்துத் தரையில் வைத்தார். பணம் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு கிலோ ஆரஞ்சு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விளக்கு மறுபடி எரிந்தது. பார்த்ததும் அழுதேன், அதை மறைப்பானேன்? பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு படச்சட்டம் படச்சட்டமாகப் பார்க்கத் தொடங்கினேன். நம் ஊர்த் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 25 சட்டம். ஆறு நொடிக்கு 150. ஒவ்வொரு சட்டமும் இரண்டு பாதிகளாகப் பின்னப்பட்டது: ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு பாதி, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு பாதி. நகரும் பொருளை நிறுத்திப் பார்த்தால் அதன் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் நீண்டு நிற்கும். பெயரெழுத்துகள் நகர்ந்து வந்தபோது அந்தப் பற்கள் நன்றாகத் தெரிந்தன. ஆனால் சுற்றும் விளக்கின் ஓரத்தில் ஒரு பல்கூட இல்லை. 150 சட்டத்திலும் அதன் வடிவம் மயிரிழை மாறவில்லை. விளக்கு சுற்றவே இல்லை!

சிறு வயதில் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது இதுதான் என்று அப்போது புரிந்தது. தண்டு சுற்றுகிறது, சுடர்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன, அது எப்படி என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். சாமி விளக்கு அப்படித்தான் என்றார் அம்மா. வேறொன்றும் கண்ணில் பட்டது. ஐந்து சுடர்களில் நான்கு ஒரே தாளத்தில் சிமிட்டின. வலப்பக்கக் கடைசிச் சுடர் மட்டும் கொஞ்சம் பித்தளை நிறமாக, தனித் தாளத்தில் ஏறி இறங்கியது. விளக்கைச் சுற்ற வைப்பதே அந்தச் சுடர்தான் என்று ஒன்பது வயதில் நான் நம்பியிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது தற்செயல். அம்மா, சித்தியின் கல்யாணக் கேசட்டையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். 1992, நான் பிறந்த ஆண்டு. பெருமாள் கோயிலில் தாலி கட்டு, பிறகு வரிசை வரிசையாக உறவினர்கள், பந்தியில் யாரோ கையால் கேமராவை மறைக்கிறார்கள். எல்லாம் முடிந்து திரை கருநீலமானது. அதே விளக்கு. அதே பெயர். மூன்று புள்ளி, மூன்று ‘டிங்’. அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தொலைக்காட்சிக்கு வருவதற்கு ஒன்பது ஆண்டுக்கு முன்பே அந்த விளக்கு எங்கள் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது.

கேசட் உறையில் கடை முத்திரை இருந்தது. முகவரியில் இப்போது கைப்பேசி அட்டை விற்கிறார்கள். கேம்பல் லேனில் பூமாலை கட்டும் ஓர் அக்காவிடம் கேட்டேன். கல்யாண வீடுகளுக்கு மாலை கொடுப்பவர்களுக்குத் தெரியாத வீடியோக்காரர் உண்டா? விரலில் நாரைச் சுற்றிக்கொண்டே, அவர் காலையில் தேக்கா உணவங்காடிக்குத் தேநீர் குடிக்க வருவார், வெள்ளிக்கிழமை வந்து பார் என்றார்.

வெள்ளிக்கிழமை போனேன். எழுபதைத் தாண்டியவர், கட்டம் போட்ட சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. நான் யார் என்று சொன்னதும், உட்காரம்மா என்றார். சித்தியின் கல்யாணம் நினைவில்லை. அந்த ஆண்டு எத்தனையோ கல்யாணம் எடுத்ததாகச் சொன்னார். ஆனால் விளக்கு என்றதும் நிமிர்ந்தார். “அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களா?” என்று கேட்டார்.

அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க என்னுடைய 150 சட்டங்களும் ஒவ்வொன்றாக விளக்கம் பெற்றன. அவரிடம் இருந்தது அமிகா 500 கணினி. 1987இல் சந்தைக்கு வந்த, பிள்ளைகள் விளையாட வாங்கும் கணினி. நினைவகம் 512 கிலோபைட். நம் தொலைக்காட்சி முறைக்கு அதில் ஒரு படம் அகலத்தில் 320 புள்ளி, உயரத்தில் 256 புள்ளி. 32 நிறத்தில் வரைந்தால் படம் ஒன்றுக்கு 50 கிலோபைட் போய்விடும். முழுப் படங்களாக அடுக்கினால் பத்துப் படத்தில் நினைவகம் தீர்ந்துவிடும். அதாவது அரை நொடிகூட ஓடாது.

“அதனால் நான் ஒன்றையும் நகர்த்தவில்லை” என்றார்.

ஒரே ஒரு படம். டீலக்ஸ் பெயிண்ட் என்ற நிரலில் சுட்டியால் புள்ளி புள்ளியாக வரைந்தது. அதில் நிறங்களைச் சுழலவிடும் வசதி உண்டு: படம் அப்படியே இருக்கும், ஆனால் முதல் நிறம் இரண்டாவதன் இடத்துக்கும் இரண்டாவது மூன்றாவதன் இடத்துக்கும் நகர்ந்துகொண்டே இருக்கும். அருவி கொட்டுவதும் நெருப்பு எரிவதும் அப்படித்தான். குத்துவிளக்கின் தண்டு கடைந்தெடுத்த உருளை. சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் அதன் வெளிக்கோடு ஒன்றுதான். சுற்றுகிறது என்று கண்ணுக்குச் சொல்வது பித்தளைமேல் ஓடும் வெளிச்சப் பட்டை மட்டும். அந்தப் பட்டையை நிறங்களால் ஓடவிட்டார். கோயிலில் அர்ச்சகர் தீபத்தட்டை எடுத்துப் போகும்போது பக்கத்து விளக்கின் தண்டில் ஒளி வழுக்கிப் போவதைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் வந்தது என்றார். இதைக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

எழுத்துகள் வேறு கதை. தமிழ் எழுத்துரு அவரிடம் இல்லை. பெயர் முழுவதையும் கையால் வரைந்தார். விளக்கை முதலில் நாடாவில் பதிவு செய்துகொண்டு, ஜென்லாக் என்ற கருவி வழியாகக் கணினியின் எழுத்தை அதன்மேல் ஏற்றினார். கணினித் திரையின் பின்னணி நிறம் மறைந்து, அந்த இடத்தில் நாடாவில் உள்ள படம் தெரியும். விளக்கு ஏற்கெனவே ஒரு முறை நாடாவில் ஏறியது, எழுத்து புதியது. விளக்கைவிட எழுத்து கூர்மையாகத் தெரிந்ததை நான் கவனித்திருந்தேன் என்று சொன்னதும் மகிழ்ந்து சிரித்தார். தொலைக்காட்சி வேலை கிடைத்தபோது கூட இருந்த இளைஞர்கள் புதிதாக ஒன்று செய்யலாம் என்றார்களாம். உலோகம் மின்னும் எழுத்து, பறக்கும் கேமரா, எல்லாம் அப்போது கணினியில் எளிதாகக் கிடைத்தன. அவர் இணங்கவில்லை. கல்யாண வீடுகளில் எரிந்த விளக்கையே, ஒளிபரப்புக்குப் பயன்படும் பீட்டாகேம் நாடாவுக்கு ஏற்றிக் கொடுத்தார்.

அவர் செய்தது சரி. இன்று பணம் கொடுத்தால் கிடைக்கும் ஆயத்த முத்திரைகள் எல்லாம் ஒரே தங்கத் துகளைத் தூவி ஒரே இடியை முழக்குகின்றன. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அந்த விளக்கில் இன்னொருவர் பெயரைப் போட முடியாது.

ஐந்தாவது சுடரைப் பற்றிக் கேட்கத் தயங்கினேன். அதற்குள் எத்தனையோ காரணம் கற்பித்து வைத்திருந்தேன். இறந்துபோன யாரோ ஒருவருக்காகவோ, பிள்ளைக்காகவோ என்றெல்லாம். கேட்டேன்.

“நிறம் போதவில்லையம்மா.”

மேசையில் விரலால் எழுதிக் காட்டினார். மொத்தம் 32 நிறம். பின்னணி நீலத்துக்குப் பத்து. பித்தளைக்குப் பத்து. மீதம் பன்னிரண்டு. சுடர் ஒன்றுக்கு மூன்று நிறமாவது இல்லாமல் நெருப்பாகத் தெரியாது. நான்கு சுடரோடு பன்னிரண்டும் தீர்ந்தது. கல்யாண வீட்டுக்குப் போகும் விளக்கில் ஒரு முகத்தை ஏற்றாமல் விட முடியுமா? ஐந்தாவது சுடருக்குப் பித்தளையின் நிறங்களையே கொடுத்தார். தண்டில் வெளிச்சம் ஓடும்போதெல்லாம் அந்த வெளிச்சமே சுடராகவும் ஏறி இறங்கியது. விளக்கைச் சுற்ற வைப்பது அந்தச் சுடர்தான் என்று நான் நம்பியதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அது ஒரு வகையில் உண்மைதானே என்றார்.

புள்ளிகளைப் பின்னால் விழவிட்டது எதற்கு? அதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் காலத்தில் ஓலை கிழிந்துவிடும் என்று சுவடிகளில் புள்ளி வைக்காமல் எழுதினார்கள். படிக்கிறவர் மனத்தில் வைத்துக்கொள்வார். பள்ளியில் தமிழாசிரியர் சொல்லிக்கொடுத்தது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெயரை முதலில் புள்ளி இல்லாமல் பார்க்கட்டும், மனத்துக்குள் வைத்துப் படிக்கட்டும், அப்புறம் நான் வைக்கிறேன் என்று நினைத்தாராம். ஓசைக்கு, வீட்டில் இருந்த மூன்று பித்தளைத் தம்ளர்களில் வேறு வேறு அளவு தண்ணீர் ஊற்றி, கரண்டியால் தட்டிப் பதிவு செய்தார். தட்டியது அவர் மனைவி. தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் சுதி சேர்த்ததும் அந்த அம்மாதான்.

மூல வட்டுகள் எங்கே என்று கேட்டேன். வீடு மாறியபோது ஈரத்தில் கெட்டுப்போயின, கணினியும் போய்விட்டது. தொலைக்காட்சிக்குக் கொடுத்த நாடாவின் நகலும் அவரிடம் இல்லை. அவருடைய விளக்கை அவர் கடைசியாகப் பார்த்தே இருபது ஆண்டுக்கு மேலாகிறது.

கைப்பேசியை எடுத்து அவர் முன் வைத்தேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம், மீன் வெட்டும் சத்தமும் தட்டு மோதும் சத்தமுமாக இருந்தது. கைப்பேசியின் ஒலி யாருக்கும் கேட்காது என்று அதை வைக்கவே இல்லை. திரை கருநீலமானது. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோனார். தண்டில் வெளிச்சம் ஓடியது. பெயர் இடப்பக்கத்திலிருந்து வந்து நின்றது, புள்ளிகள் இல்லாமல்.

அவர் கண்ணை எடுக்காமலே மேசையைத் துழாவித் தேக்கரண்டியை எடுத்தார். முதல் புள்ளி எழுத்தைத் தொட்ட அதே கணத்தில் தேநீர்க் கண்ணாடிக் குவளையில் ஒரு தட்டு தட்டினார். அடுத்தது. அதற்கடுத்தது.

“மூன்றாவது இன்னும் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு, குவளையில் இருந்த தேநீரில் ஒரு வாய் குடித்து அளவைக் குறைத்துக்கொண்டு, “இன்னொரு முறை போடம்மா” என்றார்.